தோகைப் பாத்திக்குப் போன தண்ணீர்

நேற்று கல்லூரி அரங்கில் ஏ.சி. குளிரிலும் எனக்கு வியர்த்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தேன். பக்கத்து நாற்காலி அம்மாள் என்னையே பார்த்தார். கையில் இருந்தது கைக்குட்டை இல்லை. காலையில் நம் கொல்லையில் பொறுக்கிய கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டின் துண்டு. நெற்றியெல்லாம் மண். மகள் மேடையேறுகிற நேரத்தில் அப்பன் லட்சணம் இப்படி. நீ இருந்திருந்தால், "இன்னா மச்சான், ஆராய்ச்சிக்கு நீயே சாம்பிளா வந்துட்டியா?" என்று நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாய்.

மில் மூடிய பிறகு, தறியைத் தவிர வேறு தெரியாத நாம் இரண்டு பேரும் வில்லியனூர் பக்கம் குத்தகைக்கு எடுத்த கொல்லை அது. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டோம். அதில்தான் என் மகள் தன் படிப்புக்காகப் பாத்தி பிரித்தாள். ஒன்றுக்கு வாய்க்கால் தண்ணீர், மூடாக்கு கிடையாது. மற்ற இரண்டுக்கும் சொட்டுநீர். ஒன்றின்மேல் பிளாஸ்டிக் ஷீட், இன்னொன்றின்மேல் காய்ந்த கரும்புத் தோகை. மண்மேல் டப்பாவைக் கவிழ்த்து, உள்ளே சேர்கிற வாயுவை ஊசியால் உறிஞ்சி எடுப்பாள். யூரியா போட்ட மண் நனைந்து ஊறினால் பூமியைச் சூடாக்குகிற வாயு கிளம்புமாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது ஏதோ பூசை மாதிரி இருந்தது. உனக்குத்தான் சட்டென்று பிடிபட்டது. "மண்ணு மூச்சு வுடுதுடா. அது எவ்ளோன்னு அளக்குறா உம்பொண்ணு" என்றாய்.

"என் பாத்தியில யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் லேபுக்குப் போயிருந்த அந்தப் பகல் உனக்கு மறந்திருக்காது. உச்சி வெயிலில் தோகைப் பாத்தியில் இலையெல்லாம் சுருண்டு நின்றது. சாயங்காலம் தானாக விரிந்துவிடும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு எங்கே ஏறியது? பெற்ற பிள்ளை தாகத்தில் கிடப்பது போலத் துடித்துப்போய், மண்வெட்டியால் வரப்பை வெட்டி வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். யூரியா போட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை.

திரும்பி வந்தவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு போகமே போச்சு. யாருப்பா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நாந்தாம்மா. வாடுதேன்னு வெட்டி வுட்டுட்டேன்."

பத்து நாள் உன்னோடு அவள் பேசவில்லை. நீ வாங்கி வந்த டீயைத் தொடவில்லை. ஏன்டா இப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "மாமன் மேல கோவம்னா பத்து நாள்ல ஆறிடும். அப்பன் மேல நம்பிக்கை போச்சுன்னா, அப்புறம் யாரை நம்பிப் பாத்திய வுட்டுட்டுப் போவா?" என்றாய். அடுத்த போகத்துக்கு உன் பங்கு நிலத்தையும் அவளுக்கே விட்டாய். அந்தக் கதிர் முற்றுவதற்குள் உன் நெஞ்சு நின்றுபோனது.

நேற்று மேடையில் எனக்காகக் கடைசியில் தமிழில் சொன்னாள்: "வாய்க்கால் பாத்தியிலதான் வாயு அதிகம். பிளாஸ்டிக் பாத்தியில விளைச்சல் அதிகம். ஆனா ஷீட் செலவும் அதைப் பொறுக்குற கூலியும் லாபத்தைத் தின்னுடுச்சு. தோகைப் பாத்தியில வாயுவும் கம்மி, கையில நின்னதும் அதிகம்." பெரிய பெரிய ஆட்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். எனக்கு நாற்காலி போதவில்லை.

பிறகு உன்னைப் பற்றிச் சொன்னாள். "எங்க மாமா ஒருமுறை தெரியாம தண்ணி பாய்ச்சிட்டார். அப்ப கிளம்புன வாயுவையும் அளந்தேன். யூரியா போட்டதும் வெள்ளமா தண்ணி விட்டா என்ன ஆகும்னு காட்டுனது அதுதான். மாமா இன்னிக்கு இல்ல. எங்கப்பா மட்டும் ஒருநாளும் என் பாத்தியில கை வெச்சதில்ல."

அரங்கமே கை தட்டியது. நெற்றியில் மண்ணோடு நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் "அம்மா, அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவளே கேட்டாள், "இன்னாப்பா, ஏதோ சொல்ல வந்தியே?"

"நெத்தியில மண்ணு இருக்கா பாரு" என்றேன். துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

சொல்ல வந்தது இதுதான்: வரப்பை வெட்டியது மாமா இல்லம்மா, நான்தான்.