டிரம்ஸுக்குப் பின்னால் ரகு

ஜனவரி 6, செவ்வாய்

டெல்லி மூடுபனி. எதிர் பிளாக் தெரியவில்லை. கீசர் இன்றும் சூடாகவில்லை. எலக்ட்ரீஷியன் போன வாரம் "அபி ஆயா மாதாஜி" என்றவன், இன்னும் வந்துகொண்டிருக்கிறான். வாங்க: பி.பி. மாத்திரை, ரஸ்க், நல்ல டீத்தூள்.

மாலை வினோத் வந்தான். கல்லூரி நாளிலிருந்து என் பிள்ளை ரகுவின் ராக் குழுவில் டிரம்ஸ். ரகு பாட்டு. மற்ற இருவர் கிடாரும் கீபோர்டும். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வாசிக்கிறார்கள். புராக்ரஸிவ் ராக் என்று பெயர். ஒரு பாட்டு இருபது நிமிஷம் போகும், நடுவில் தாளம் மூன்று முறை மாறும். ரகு போன பிறகு வினோத் வருவது இதுதான் முதல். அக்டோபரில், டெங்கு வார்டு வாசலில் பார்த்ததோடு சரி.

ஷூவை வெளியே கழற்றினான். அந்த மட்டில் சரி.

"ஆன்ட்டி, ஆல்பத்தை முடிச்சிடலாம்னு இருக்கோம். அஞ்சு பாட்டு. எல்லாம் ரகு கம்போஸ் பண்ணதுதான்."

"பாடறது யாரு?"

"ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு. அதே ஸ்கேல்தான், ஒரு ஆக்டேவ் மேல பாடறா. அச்சா பாடறா ஆன்ட்டி, நெஜமா."

பிறகு டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு ரகு வாய்ஸ் எதையும் வைக்கல. எல்லாத்தையும் எடுத்துட்டோம்."

"நல்லது" என்றேன். வேறென்ன சொல்வது. போகும்போது லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் இறங்கினான்.

ஜனவரி 7, புதன்

நல்லது இல்லை.

முதல் இரண்டு ஆல்பமும் என்னிடம் இருக்கின்றன. அதில் இருப்பது இருபத்தைந்து வயதுக் குரல், பயலுக்குத் தான் பெரிய ஆள் என்ற நினைப்பு. கடைசி இரண்டு வருஷத்தில் குரல் இறங்கி அவன் அப்பாவின் குரல் ஆகியிருந்தது. குளியலறையில் பாடினால் அவரே உள்ளே இருப்பதுபோல் இருக்கும். அந்தக் குரல் எதிலும் இல்லை. போனில் எனக்கு அவன் குரலைப் பதிந்து அனுப்பியதும் கிடையாது. எழுத்துப் பிழையோடு டைப் அடிப்பான், நான் திருத்தி அனுப்புவேன்.

செப்டம்பரில் ஸ்டுடியோவில் அந்த ஐந்து பாட்டையும் பாடினான். அதைக் கேட்க வேண்டும். ஒருமுறை போதும்.

கேட்பதா? இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. "பாவம் மாமி" என்று ஒரு பார்வை வரும். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் பார்த்தாயிற்று, போதும்.

மதியம் ரசம், அப்பளம். பாதி சாப்பிட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

ரகுவின் அறையில் ஒரு பை நிறைய கேபிள். திருப்பித் தரும் சாக்கில் ஷாபூர் ஜாட்டில் அவர்கள் ஸ்டுடியோவுக்குப் போனேன். சந்து ஆட்டோ நுழையாத அகலம். பேஸ்மென்ட், கைப்பிடி இல்லாத படி, சிகரெட் நாற்றம். ஒரே அறை, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம் மெஷின்கள். சன்னி என்று ஒரு சவுண்ட் எஞ்சினியர், தலைமுடியை முடிச்சுப் போட்டிருக்கிறான். வினோத் இருந்தான்.

கேபிளைக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன், அதுவும் எப்படி, ஏதோ கரென்ட் பில் பற்றி விசாரிப்பதுபோல.

"செப்டம்பர்ல அவன் பாடினது இருக்குமே, போடு. எப்படித்தான் பாடியிருக்கான்னு பார்க்கலாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னி இந்தியில், "ஆன்ட்டிஜி, வோ தோ டிலீட் ஹோ கயா."

அழித்துவிட்டார்கள். அது கைடு டிராக்காம். டிரம்ஸ் பதிவாகும்போது வாசிப்பவருக்கு வழி காட்ட, பாடகர் கூடவே ஒப்புக்குப் பாடுவது. உண்மையான பாட்டு பின்னால் பதிவானதும் அதை அழிப்பது எல்லா இடத்திலும் வழக்கம். அந்தப் பெண் நாலு பாட்டைப் பாடி முடித்ததும் சன்னி கை பழகினபடி ஐந்தையும் அழித்துவிட்டான். வேறு பிரதி வைக்கவில்லை.

"சாரம் பிரிக்கிற மாதிரி ஆன்ட்டி. பில்டிங் நின்னப்புறம்..." என்றான் வினோத். அவனுக்கும் இப்போதுதான் தெரியும் போல. முகம் வெளுத்துவிட்டது. சன்னியை இந்தியில் கண்டபடி திட்டினான். வீட்டில் அப்படிப் பேசியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

எழுந்து கொள்ள முடியவில்லை, முட்டி. அந்தச் சங்கடத்தை மறைக்கத்தானோ என்னவோ, சன்னி ஐந்தாவது பாட்டின் டிரம்ஸை மட்டும் போட்டான். இது செப்டம்பரில் வாசித்தது, மற்ற நாலையும் மறுபடி வாசித்தாயிற்று, இதையும் செவ்வாய்க்கிழமை வாசிக்கப் போகிறோம் என்றான்.

இடி. நடுவே வினோத் ஓரிடத்தில் முந்தினான். பிறகு சிம்பலுக்குப் பின்னால், பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல.

"நிறுத்து. அது யாரு?"

"லீக்கேஜ் ஹை, ஆன்ட்டிஜி." ஒரே அறையில் பாடியதால் டிரம்ஸ் மைக்குகளிலும் அவன் குரல் ஏறிவிட்டதாம். அதைத் தனியே பிரிக்க முடியாது, உயர்த்தவும் முடியாது. அந்தக் கசடு இருப்பதால்தான் மறுபடி வாசிக்கிறார்களாம்.

கசடு.

எழுந்து வந்துவிட்டேன். வினோத் ஆட்டோ வரை வந்தான். கையைப் பிடிக்க விடவில்லை.

ஜனவரி 10, சனி

எலக்ட்ரீஷியன் வந்தான். கீசருக்குப் புது காயில் வேண்டுமாம். சரி என்றேன்.

வினோத்துக்குப் போன் செய்யவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில் கொஞ்சம். பால்கனியில் உட்கார்ந்தேன். கீழ் ஃப்ளாட் மிஸஸ் சாவ்லா நாளை மறுநாள் அவர்கள் லோஹ்ரிப் பண்டிகைக்கு வரச் சொன்னாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய் அன்று வினோத் புதிதாக வாசித்தால் பழையது போகும். நாலு பாட்டில் போய்விட்டது. இருப்பது இந்த ஒன்று. அவன் கலைஞன், சுத்தமாக வேண்டும் என்கிறான். நானாக இருந்தாலும் மறுபடி வாசி என்றுதான் சொல்வேன். ரகுவிடம் வாழ்நாள் பூராவும் அதைத்தான் சொன்னேன்.

ஜனவரி 12, திங்கள்

காலையிலேயே போன் செய்தேன். தயங்கினால் முடியாது.

"வினோத், நாளைக்கு நீ வாசிக்க வேண்டாம். பழசே இருக்கட்டும்."

பின்னால் மெட்ரோ அறிவிப்பு.

"ஆன்ட்டி, அதுல தாளம் ஏழுலேர்ந்து அஞ்சுக்கு மாறுற எடத்துல நான் ஜல்தி வந்துட்டேன். கடைசியில இன்னொரு எடம். மத்லப், லைஃப் ஃபுல்லா அது இருக்கும். டிரம்மர்ஸ் எல்லாம் கேட்பாங்க."

"தெரியும். வெள்ளிக்கிழமையே கேட்டேன்."

சிரித்துவிட்டான். "ரகு சும்மாவா சொன்னான், எங்கம்மா காது போலீஸ் காதுன்னு."

நான் சிரிக்கவில்லை. "உன்னைக் கேட்டுக்கறேன்" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசிக்கட்டும், அவன் பெயரல்லவா.

ஜனவரி 13, செவ்வாய்

குளிர், காற்று மோசம், தொண்டை எரிச்சல். மதியம் வினோத்தே கார் கொண்டுவந்தான். வழியில் இதைப் பற்றிப் பேசவில்லை. ரகு பார்க்கிங்கில் சண்டை போட்ட கதை ஒன்று சொன்னான். எனக்குத் தெரியாத கதை.

உள்ளே போனதும் சன்னியிடம், "டிரம்ஸ் வஹி ரஹேகா" என்றான். பழையதே இருக்கும். தன் குச்சிகளை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்தப் பெண் ஸ்டெல்லா வந்திருந்தாள். ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இடிபட்டபோது ஊர்க்கோடி நரேலாவுக்குப் போன குடும்பம். அங்கிருந்து பஸ், மெட்ரோ, மறுபடி ஆட்டோ. அப்பா ஹோட்டலில் வேலை, இவள் சர்ச் கொயரில் பாடிப் பழகினவள். நகத்தில் பாதி உரிந்த பாலிஷ். வாயை ஒழுங்காகத் திறந்து பாடுகிறாள். நான் பாட்டு சொல்லிக்கொடுத்த கான்வென்ட்டில் எங்கள் மதர் இருந்திருந்தால் முதல் வரிசையில் நிறுத்தியிருப்பார்.

ஐந்தாவது பாட்டின் நடுவில் டிரம்ஸ் ஓயும் பகுதி ஒன்று. எட்டு வரி. அங்கே மைக்குகள் திறந்தே இருந்திருக்கின்றன. சன்னி அதைப் போட்டான்.

இடி இல்லை, சிம்பல் இல்லை. ரகு. அறையின் அந்தக் கோடியிலிருந்து. அவன் அப்பாவின் குரல்.

வினோத் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

இரண்டாவது வரியின் கடைசி ஸ்வரம் இறங்கிவிட்டது. நாலாவதிலும். ஆபீஸ் முடிந்து அப்படியே வந்து பாடியிருப்பான். ஒப்புக்குப் பாடியது.

ஸ்டெல்லா தான் முதலில் பேசினாள். "அம்மா, நான் வேணா அந்த எட்டு வரி பாடாம வுட்டுடட்டுமா? அண்ணன் கொரலே கேக்கட்டும்."

வினோத் தலையாட்டினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.



"பாடு" என்றேன். "அவன் சுருதி இறங்கிப் பாடியிருக்கான். இப்படி ஊருக்குக் கேட்கக் கொடுக்க மாட்டான். என்னையே உள்ளே விடாம கதவைச் சாத்தி வச்சு சரி பண்றவன். நீ மேலே சரியாப் பாடு. அவன் அடியில் இருக்கட்டும்."

"ஆன்ட்டி..." என்றான் வினோத்.

"பாடச் சொல்லு."

நாளை மறுநாள் பாடுவதாக முடிவாயிற்று. அவளுக்கு இன்று மூக்கடைப்பு. திரும்பும்போது தெருவெல்லாம் லோஹ்ரி நெருப்பு, புகை. காரின் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன்.

ஜனவரி 15, வியாழன்

வெளியே பொங்கல். நான் உப்புமா.

கீசர் வேலை செய்கிறது.

மூன்று மணிக்கு ஸ்டுடியோ. ஸ்டெல்லா முதல் முறை அழுதுவிட்டாள், அதை எடுத்துக்கொள்ளவில்லை. வெந்நீர் குடிக்கச் சொன்னேன். "அம்மா, நீங்க பாக்காம இருங்களேன், பயமா இருக்கு" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இரண்டாவது முறை சுத்தம். இரண்டாவது வரி, நாலாவது வரி, ஸ்வரம் அசையாமல் நின்றது. அவள் பாடுகையில் அடியில் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் அவன் காதில் விழுகிறான். அடுத்த வரி தொடங்கியதும் போய்விடுகிறான்.