வேலை செய்யாத இரண்டாவது குமிழ்

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நலமாக இருக்க வேண்டும் என்பதே தினமும் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டார், மீதிப் பாதி நாள் எனக்கு அடுப்பை எப்படி அணைப்பது, கதவை எப்படிச் சாத்துவது என்று கற்றுக்கொடுக்கிறார். உன் அறையில் ஜன்னல் கொக்கியை மாற்றியாகிவிட்டது.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. நான் ஒரு பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறேன். அப்பா இல்லை, நானேதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது, பக்கத்தில் இருந்த வாத்தியக் கடைக்குள் ஒதுங்கினேன். உள்ளே கடைக்காரப் பெண் ஒரு கிட்டாரை ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகித் தடித்த கம்பியை ஒரே ஒரு தட்டுத் தட்டினாள், சத்தம் தரை வழியாக வந்து என் விலா எலும்பில் ஏறியது. இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று நான்தான் எத்தனை தடவை குறை சொல்லியிருக்கிறேன், இது அப்படி இல்லை, முழுசாக, உருண்டையாக வந்தது. மழை விட்ட பிறகும் நான் போகவில்லை. அவள் "சும்மா புடிச்சுப் பாருங்கக்கா" என்று மடியில் வைத்தாள், இரண்டு மாதக் குழந்தையாக நீ இருந்த கனம் இருக்கும்.

அழகைக் கேள். வெண்ணெய் நிறம், ஆமை ஓடு மாதிரிப் புள்ளி போட்ட தகடு, கழுத்துக் கட்டைக்குத் தேன் நிறத்தில் வார்னிஷ். அறுபது வருஷத்துக்கு முந்தைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்ததாம். நம் வீட்டுத் துணி துவைக்கும் மெஷினில் பதினான்கு பொத்தான் இருக்கிறது, எனக்குத் தெரிந்தது மூன்று. இதில் இரண்டே குமிழ், ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று தொனிக்கு, அவ்வளவுதான். திரை கிடையாது, எதையும் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்காது. வாங்கப் போகும்போது என்னைத் தடுப்பதற்கென்றே அப்பாவும் கூட வந்தார். "புதுசைப் பழசு மாதிரி செஞ்சு விக்கறான், அதை ஆசையா வாங்கறே. பழசு வேணும்னா நான் இல்லையா?" என்றார். கடைக்காரப் பெண் சிரித்த சிரிப்பில் அவரே கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் வாசிக்கிறேன். விரல் நுனியெல்லாம் கொப்புளித்துக் காய்த்துப்போயிற்று. கீழ் வீட்டு நர்ஸ் ஒரு நாள் படியேறி வந்தாள், புகார்தான் என்று பயந்தேன், "எங்க அலமாரியில கப்பெல்லாம் தாளம் போடுது, இன்னும் கொஞ்சம் வேகமா வாசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாம் சரி, அந்த இரண்டாவது குமிழ் மட்டும் வேலை செய்யவில்லை. இந்தக் கோடிக்குத் திருப்பினாலும் அந்தக் கோடிக்குத் திருப்பினாலும் ஒரே மாதிரி. அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்சம் சூடாகவே பேசினேன். அந்தப் பெண் வாசித்துக்கொண்டே திருப்பினாள். அப்பா, "இப்ப மணி அடிக்கற மாதிரி இருக்கு, இப்ப போர்வைக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு இரண்டுமே போர்வைதான். அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா என்னைப் பார்த்தார், நான் குமிழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கெட்டுப்போனது எது என்று மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது.

சிட்டு, அச்சகத்தில் மடிப்பு மெஷின் பக்கத்தில் இருபத்தேழு வருஷம் நின்ற காது இது. கீச்சென்ற மேல் சத்தமெல்லாம் போய் நாலைந்து வருஷம் இருக்கும் என்றார், அப்புறம் போய்ப் பார்த்த காது டாக்டர். உள்ளுக்குள் எனக்கே தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் வெட்கம். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் விழும், மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். பிப்ரவரியில் நீ கூப்பிட்டபோது 'வேலை' என்ற ஒரு சொல்தான் கேட்டது, பதவி உயர்வு என்று நினைத்து "ரொம்ப சந்தோஷம்டா தங்கம்" என்றேன். வேலை போய்விட்டது என்று நீ சொன்னதாக அப்பா மறுநாள் சொன்னார். உடனே உன்னைக் கூப்பிட்டு, காது கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், உனக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பொய் சொன்னேன். நீ 'சரிம்மா' என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு நீ அப்பாவோடுதான் பேசுகிறாய், உன்மேல் தப்பே இல்லை. நெஞ்சில் முள்ளாகவே இருந்தது, மன்னித்துவிடு.

போன செவ்வாய்க்கிழமை காது மெஷின் பொருத்தினார்கள். வெளியே வந்ததும் அப்பாவின் செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா என்று ஆச்சரியப்பட்டேன். வீட்டுக்கு வந்து காபி கூடக் குடிக்காமல் கிட்டாரை எடுத்து இரண்டாவது குமிழைத் திருப்பினேன். மணிதான், அப்பா சொன்னது நிஜம். கம்பியில் விரல் உரசும் கீச்சுச் சத்தம் கூடக் கேட்டது, இத்தனை நாள் எவ்வளவு மோசமாக வாசித்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. அப்பா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தும்மல் என்றார்.

உனக்குக் கிடைத்திருப்பதாக அப்பா சொன்ன புது வேலையில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளிர் காலம் வருவதற்குள் நல்ல கோட்டாக ஒன்று வாங்கிக்கொள். நீ நீண்ட ஆயுளோடு, மனம் குளிர இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிடு, அந்தப் பிப்ரவரி மாதத்தை முதலிலிருந்து எனக்குச் சொல். நடுவில் நான் 'சரி சரி' என்றால் நம்பாதே, என்ன சொன்னேன் சொல்லு பார்ப்போம் என்று திருப்பிக் கேள்.

உன் பிரியமுள்ள,
அம்மா