தாண்டவனுக்குப் போர்த்திய சால்வை

1953 ஜனவரி 4, ஞாயிறு

விடிந்ததிலிருந்து கடற்காற்று சில்லென்று. மூக்கடைப்பு. சுக்குக் காப்பி இரண்டு தடவை. பூசைக்குப் போகவில்லை. மேரி மட்டும் போய் இரண்டு பேருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்தாளாம்.

மாலை, கல்மண்டபம் வாலிபர் வாசகசாலை நிர்வாகக் கூட்டம். (வாலிபர்களில் இளையவருக்கு வயது நாற்பத்திரண்டு.) ஆண்டுவிழாவில் ஊருக்கு உழைத்த ஒருவருக்குச் சால்வை போர்த்துவதாக முடிவு. ஒரு சால்வை, ஒரு ஆள்.

பதினான்கு வருஷமாகக் காரியதரிசி நான். ஹார்பரில் குமாஸ்தா வேலை முடிந்து நேரே வந்து கதவு திறப்பது, பெட்ரோமாக்ஸ் ஏற்றுவது, எவனோ பல் குத்தக் கிழித்த பத்திரிகையைப் பசை போட்டு ஒட்டுவது எல்லாம் யார்? அதை நானே வாய்விட்டுச் சொன்னால் அசிங்கம். யாராவது சொல்ல வேண்டும்.

தலைவர் மரவாடி சபாபதி எழுந்தார். பலன் கருதாதவர் என்றார். மழை வெயில் பாராதவர் என்றார். கண்ணெதிரே இருந்தும் நாம் கண்டுகொள்ளாதவர் என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"காசிமேட்டுத் தாண்டவன்," என்றார்.

குனிந்த தலையை எப்படி நிமிர்த்துவது? பேனா விழுந்த மாதிரி பெஞ்சுக்கடியில் கொஞ்ச நேரம் தேடினேன்.

வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு யாருக்கு? எனக்குத்தான்.

5, திங்கள்

மேரியிடம் புலம்பினேன். கதவு திறக்கிறவர்களுக்கெல்லாம் சால்வை என்றால் ரயில்வே கேட் சின்னப்பனுக்கு எத்தனை போடுவது என்று கேட்டாள். நெத்திலிக் குழம்பு அபாரம். சொல்லவில்லை.

தாண்டவன் செய்தது சின்னக் காரியமில்லை. ஐப்பசி மழையில் படகு கவிழ்ந்து தத்தளித்த ஒன்பது கூலியாட்களையும் கட்டுமரத்தில் போய் இழுத்து வந்தான். அலையில் மாட்டுகிறவர்களை வருஷா வருஷம் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறான். எல்லாம் தெரியும். ஆனாலும் வயிறு எரிகிறது. இதை யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன்.

7, புதன்

ஆபீசில் அரை நாள் லீவு. விவரம் சேகரிக்கக் காசிமேடு. மணலில் செருப்பு வார் அறுந்தது. கருவாட்டு நாற்றம்.

தாண்டவன் கட்டுமரத்தைப் பிரித்துக் கட்டைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். காதில் கடுக்கன், தோள் இரண்டும் கர்லாக்கட்டை. கூடவே அவனோடு கட்டுமரம் ஏறுகிற மூன்று பேர்: எட்டியப்பன், பொன்னன், காது மந்தமான நாகன். நான் தாண்டவனைக் கேட்கிறேன், நாலு பேரும் பதில் சொல்கிறார்கள்.

குறிப்பு:
பிறந்த வருஷம் - பெரிய புயலுக்கு அடுத்த மாசி. எந்தப் புயல் என்று கேட்டேன். நாலு பேருக்குள்ளும் சண்டை.
காப்பாற்றியவர் தொகை - எண்ணவில்லை.
பெற்ற பட்டங்கள் - சிரிப்பு.

அன்றைக்கு முதலில் குதித்தது யார்? "குதிச்சோம் சார்." சரி, நீ தனியாக என்ன செய்தாய்?

"ஒண்டியா இன்னா செய்றது? ஒண்டியா வெளிக்கிதான் போவலாம்."

இதை மடலில் சேர்க்க முடியாது.

கிளம்பும்போது சால்வை எத்தனை என்று கேட்டான். ஒன்று என்றேன். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கட்டையைப் புரட்டப் போய்விட்டார்கள்.

9, வெள்ளி

நேற்று ராத்திரியே மடல் முடிந்தது. 'தறிகெட்ட அலைநடுவே தன்னந்தனியே தாவிய தாண்டவமே' என்று தொடக்கம். மோனை சொன்னபடி கேட்கிறது. எட்டியப்பனை நுழைக்கப் பார்த்தேன், எந்த அடியிலும் உட்கார மாட்டேன் என்கிறான். விட்டுவிட்டேன்.

அச்சானதும் சபாபதி பார்த்தார். தம் பெயர் தாண்டவன் பெயரைவிடச் சிறியதாக இருப்பதாக வருத்தம். மறுபடி அச்சு.

மாலை கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. சட்டக்காரன் கீழே அரை அங்குலம் உள்ளே தள்ளிவிட்டான். கடைசி வரி மரத்துக்குள் போய்விட்டது. கடைசி வரி: 'காரியதரிசி ஞா. சவரிமுத்து.'

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.

11, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆண்டுவிழாவுக்கு நல்ல கூட்டம். குப்பத்து ஜனமே பாதிப் பந்தல். தாண்டவன் யாருடையதோ சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு மூச்சுவிட முடியாமல் வந்தான். மேடையில் அவனுக்கு ஒரு நாற்காலி. மற்ற மூன்று பேரும் அதன் பின்னால் போட்டோவுக்கு நிற்பது போல நின்றுகொண்டார்கள். இறங்கச் சொன்னோம். நாகனுக்குக் காது கேட்கவில்லை, மற்றவர்களுக்கும் கேட்கவில்லை.

மடல் வாசித்தேன். 'தன்னந்தனியே' வந்ததும் குப்பத்துப் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. தாண்டவன் எழுந்துவிட்டான்.

"சாரே, ஒத்த ஆளு மரத்தத் தண்ணில தள்ள முடியுமா? யார்னா ஒர்த்தர் தள்ளிக் காட்டட்டும்."

சபாபதி அவசர அவசரமாகச் சால்வையைப் போர்த்தினார். அரக்குப் பட்டு, இரண்டு விரல் ஜரிகை. கைதட்டல். தாண்டவன் அதை எடுத்து மேஜைமேல் விரித்தான். ஜாண் போட்டு அளந்தான். இடுப்பிலிருந்து மீன் கத்தியை எடுத்தான். சபாபதி என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்.

சர்ரென்று கிழித்தான். பட்டு ஐயா, பட்டு என்று சபாபதி என் காதுக்குள் முனகினார்.

"கடல்ல இன்னா வந்தாலும் பங்குதான். மத்தி வந்தாலும் பங்கு, மால வந்தாலும் பங்கு. எங்க பயக்கம் அது."

ஆளுக்கொரு துண்டு, நாலு. மரத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. எடை போட்ட மாதிரி எல்லாம் ஒரே அகலம். மேஜையில் ஏழாவது துண்டு மிச்சம். தப்பாக அளந்துவிட்டான் என்று நினைத்தேன். அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். சபாபதி இன்னும் பின்னால் போனார்.

"கரையில குந்திகினு வல தெக்கிறவனுக்கும் எங்க கைல பங்கு கீது. அவன் கடலுக்கு வர மாட்டான். ஆனா அவன் இல்லாங்காட்டி நாங்க இல்ல. இந்த சாரு குந்தி எங்களப் பத்தி எழ்திகீறாரு. எழ்தனது முச்சூடும் தப்பு. ஆனா பாடுபட்டுகீறாரு."

தோளில் போட்டான். குப்பமே கைதட்டியது.

அழுதுவிட்டேன். அத்தனை பேர் எதிரில், மூக்கு ஒழுக. சால்வை போன துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்த சபாபதி முதுகைத் தட்டி, விடுங்கள், அடுத்த வருஷம் வேறு வாங்கலாம் என்றார்.

12, திங்கள்

வெயில் சுள்ளென்று. காலையில் கடற்கரை வழியாக ஆபீஸ். தாண்டவன் கட்டுமரத்தின் முனையில் ஒரு அரக்குத் துண்டு கட்டியிருந்தது. அதன்மேல் ஒரு காக்கை.

வாசகசாலை உறுப்பினர்கள் இரண்டு கட்சி. சால்வையை வெட்டியது சபைக்கு அவமானம் என்று ஒரு கட்சி. ஏழாவது துண்டு தலைவருக்குப் போயிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இரண்டாவது கட்சியில் சபாபதி மட்டும்.

நேற்று ராத்திரி மேரி துண்டை அளந்து பார்த்து ரவிக்கைக் கைக்குச் சரியாக இருக்கும் என்றாள். கலியாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கத்தினேன். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வெட்டிய ஓரத்தைச் சிவப்பு நூலால் மடித்துத் தைத்திருந்தாள், பிரிந்துவிடும் என்று. ஆபீசுக்கு மட்டும் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள் என்றாள்.

போட்டுக்கொண்டு போகவில்லை. சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியானம் பிரித்துக் காட்டினேன். இது என்ன ஒட்டுத் துணி என்று ஹெட்கிளார்க் கேட்டார்.

என் பங்கு என்றேன்.