முதல் வரிசையில் ஒரு துண்டு

முதல் வரிசையில் உனக்கு இடம் தருகிறார்களாம், மச்சான்.

இன்று காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது அந்த மெயில்தான். உன் பேரில் நான் எழுதிய புகாருக்கு விமானக் கம்பெனிக்காரர்கள் பதில் அனுப்பியிருக்கிறார்கள். உன் பெயருக்கு முன்னால் 'அன்புள்ள' என்று போட்டிருக்கிறார்கள். உனக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். இருக்கை விதிகளை மறுபடியும் மாற்றிவிட்டார்களாம். முட்டி மடங்காதவர்கள் முன்கூட்டியே சொன்னால் இனிமேல் முதல் வரிசையில் நடையோரத்து இடத்தைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஒதுக்குவார்களாம். துணைக்கு வருபவரையும் பக்கத்திலேயே உட்கார வைப்பார்களாம். உங்கள் அடுத்த பயணத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று முடித்திருக்கிறார்கள். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

அதை மூன்று தரம் படித்தேன். சிட்டா எடுக்க வந்து நின்ற ஒரு விவசாயி, "என்னாங்க, சர்வர் வேல செய்யலீங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? என் நாற்காலி முதுகில் அந்தப் பச்சைக்கரைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இந்தத் துண்டு எத்தனை தரம் பறந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சாயங்கால பஸ் பாலக்கோடு ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே பாதி ஊர் கூடவே ஓடும். உன்னால் ஓட முடியாது. டிராக்டர் டிரெய்லர் கவிழ்ந்ததில் வலது முட்டி நொறுங்கி, உள்ளே கம்பி வைத்து, கால் ஒரே நீட்டாக நின்றுபோன ஆள் நீ. அதனால் நான் ஓடுவேன். கடைசி ஜன்னல் வழியாக வீசினால், பின்வரிசை நடு இடத்தில் துண்டு விழ வேண்டும். அதற்கு ஒரு கைவாகு வேண்டும். அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் உன் கால் நடைபாதையில் நேராக நீளும். "நீ போயித் துண்டப் போட்டு வையி, நான் வந்துர்றன்" என்று சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஊர்வலம் மாதிரி ஆற அமர வருவாய். துண்டு கிடந்த இடத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். எத்தனையோ கண்டக்டர்கள் மாறினார்கள். ஒருத்தர்கூட உன்னைக் காலை எடுக்கச் சொன்னதில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உன் காலைத் தாண்டி டிக்கெட் கொடுத்துவிட்டு, திரும்பவும் தாண்டிப் போவார்கள்.

தக்காளி மண்டியில் உன் தோரணையே வேறு. கவிழ்த்துப் போட்ட பெட்டிகளின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து ஏலம் கூற ஆரம்பித்தால், ரோட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் உன் குரல்தான் கேட்கும். பெங்களூர் வியாபாரியிடம் கன்னடத்திலும் நம்மூர் விவசாயியிடம் தமிழிலும் ஒரே மூச்சில் சண்டை போடுவாய். அந்தக் குரலை வைத்துத்தான் மகள் கலையைப் படிக்க வைத்தாய். அவள் ஆறாவது படிக்கும்போது தாயை இழந்தவள். தக்காளி இலை ஏன் சுருட்டிக்கொள்கிறது என்று ஆராய்ச்சி செய்ய அவள் டெல்லிக்குப் போனபோது, "அத எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன்" என்று நீ கேலி செய்தாய். அப்படிச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும்.

அவளுக்குப் பதக்கம் என்று சேதி வந்தது. பட்டமளிப்பு விழாவில் பெற்றவர்களுக்கு இரண்டு நாற்காலி. "அவங்க அம்மா எடத்துக்கு நீ வாடா மாப்ள" என்றாய். ரயிலில் அத்தனை நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கிக்கொள்ளும். விமானம் என்று முடிவு செய்தோம். ஊர் முழுக்க விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் நான் இருக்கும்போது டிக்கெட் போட வேறு ஆளா தேட வேண்டும்?

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் மச்சான், இதை எழுதுகிறேன்.

டிக்கெட் போடும்போது, பயணிக்குச் சிறப்பு உதவி வேண்டுமா என்று ஒரு கட்டம் வந்தது. உனக்குப் போன் போட்டேன். "எனக்கு என்னாடா உதவி? ஒரு காலு மடங்காது, அவ்ளோதான். தக்காளிப் பொட்டியாட்டம் தூக்கியா வெக்கப் போறாங்க?" என்றாய். சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று போட்டேன். அது நாம் இரண்டு பேரும் செய்தது. அடுத்தது நான் மட்டும் செய்தது. இருக்கைப் படத்தில், நடுவில் ஒரு வரிசைக்கு முன்னால் மட்டும் நிறைய இடம் காலியாகத் தெரிந்தது. உன் காலுக்கென்றே விட்டு வைத்தது போல இருந்தது. உன்னை அங்கே போட்டேன். உடனே திரையில் நாலைந்து வரி ஆங்கிலம் வந்தது, கீழே ஒரு சின்னக் கட்டம். நாள் முழுக்க ஊராருக்காக டிக் அடிக்கிற கை இது. மேற்கண்ட விவரங்கள் உண்மை, டிக். நிபந்தனைகளைப் படித்தேன், டிக். அன்றைக்கும் அடித்தேன். படிக்கவில்லை.

பெங்களூரில் கவுண்டரில் இருந்த பெண் உன் தடியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கால் வலிக்கிறது என்று நீ தூணோரமாகப் போய்ச் சாய்ந்துகொண்டாய். அவள் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். அது அவசரக் கதவுக்குப் பக்கத்து வரிசையாம். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து மற்றவர்களை வெளியேற்ற என்னால் முடியும், உடம்பில் எந்தக் குறையும் இல்லை என்று உறுதி சொன்னவர்தான் அங்கே உட்காரலாமாம். "நீங்கதானே டிக் பண்ணியிருக்கீங்க, சார்?" என்றாள்.

முதல் வரிசையைக் கேட்டேன். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுப்போம், இப்போது அதைத் தனியாக விற்கிறார்கள், எல்லாம் போய்விட்டது, முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கலாம் என்றாள். உனக்கு இருபத்துநாலாவது வரிசையில் நடு இடம் கிடைத்தது. எனக்கு ஒன்பதில் ஜன்னலோரம். உன்னிடம் வந்து, "ரூல மாத்திட்டாங்களாம்" என்றேன். பாதி உண்மை. "மாத்துனா மாத்தட்டும், வுடு" என்று என் தோளைத் தட்டினாய்.

ஏற்றும் முறையையும் மாற்றியிருந்தார்கள். முன்பு தடி ஊன்றியவர்களை முதலில் ஏற்றுவார்களாம். இப்போது எண் வாரியாக, ஜன்னலோரத்துக்காரர்கள் முதலில். உனக்குச் சக்கர நாற்காலி சொன்னார்கள், அது வந்த பாடில்லை. என் எண்ணைக் கூப்பிட்டார்கள். உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. நீ சிரித்தாய். "போடா. போயித் துண்டப் போட்டு வையி, நான் வந்துர்றன்."

விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் உள்ளே நுழைந்ததும் முதல் வரிசையில் நடையோரத்து இடம் காலியாகக் கிடந்தது. அதற்கு முன்னால் ஒரு ஆளே படுக்கலாம் போல அத்தனை இடம். என் கை என்னைக் கேட்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து அந்த இடத்தில் விரித்துப் போட்டேன். பணிப்பெண் ஓடி வந்தாள், நம் கலை வயசுதான் இருக்கும். "அங்கிள், இது உங்களதா?" என்றாள். "ஆளு வருதும்மா" என்றேன். கன்னடத்திலும் சொன்னேன், கால் மடங்காதவர், மகளுக்குப் பதக்கம் என்றெல்லாம். அவள் கோபப்படவில்லை. துண்டை அழகாக மடித்து என் கையில் கொடுத்தாள். அந்த இடத்துக்கு உரியவர் வந்தார். முழங்காலில் பட்டை சுற்றிய ஒரு வயதான அம்மாள், மெல்ல நடந்து வந்து 'அப்பாடா' என்று உட்கார்ந்தார். அவரிடம் என்ன கேட்பது? சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டாமா, மச்சான்? அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு உன்னைக் கொண்டுவந்தார்கள். விமானத்துக்குள் வருவதற்கென்றே ஒடுக்கமாக ஒரு நாற்காலி, மார்பில் ஒரு பெல்ட், தொடையில் ஒரு பெல்ட். தக்காளிப் பெட்டி மாதிரியேதான் தூக்கி வந்தார்கள். நீட்டிய உன் கால் ஒவ்வொரு இருக்கையிலும் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் நீ, "மன்னிச்சுக்குங்க" என்றாய். நான் எழுந்து உன் பின்னாலேயே வந்தேன். இருபத்துநாலில் உன்னைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்தார்கள். கால் நுழையவில்லை. நடையோரத்துப் பையன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். அப்போது கால் நடைபாதைக்கு வந்தது. நடைபாதையில் கால் நீட்டக் கூடாதாம், விதி. தாண்டிப் போனால் என்ன, எங்கள் ஊர்க் கண்டக்டர் தாண்டவில்லையா என்று கேட்க நினைத்தேன். என் டிக் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். பின்னால் இருந்து யாரோ நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள்.

கடைசியில் ஒரு அதிகாரி வந்து, பாதுகாப்புக் காரணமாக இந்த விமானத்தில் உன்னை ஏற்ற முடியாது, நாளைக்கு வேறு ஏற்பாடு செய்கிறோம் என்றார். விழா நாளைக் காலையில். மண்டியையே அதட்டுகிற அந்தக் குரலை இப்போதாவது எடுப்பாய் என்று பார்த்தேன். "சரிங்க. எறங்கிக்கிறன்ங்க" என்றாய். அவ்வளவு மெல்லிய குரலில் நீ பேசி நான் கேட்டதே இல்லை.

நானும் பையை எடுத்தேன். நீ விடவில்லை. "ரெண்டு பேரும் எறங்கிட்டா அங்க புள்ள ஒண்டியா நிக்கும்டா. நீ போயித் துண்டப் போட்டு வையி." இந்தத் தரம் 'நான் வந்துர்றன்' என்று நீ சொல்லவில்லை. நாற்காலியைப் பின்பக்கமாகவே இழுத்துப் போனார்கள். உன் முகம் கதவு வரைக்கும் என்னைப் பார்த்தபடியே போயிற்று.

டெல்லியில் கலை என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பார்த்தாள். "அப்பா எங்க சித்தப்பா?" என்றாள். நான் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. மறுநாள் மண்டபத்தில் ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டேன். நிறைய பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வந்து கேட்டார்கள். "ஆத்மி ஆயேகா", ஆளு வருது என்றேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். கலையின் பெயரைக் கூப்பிட்டபோது உனக்குப் போன் போட்டுத் தூக்கிப் பிடித்தேன். நீ ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஓசூரைத் தாண்டியிருந்தாய். கைதட்டல் மட்டும் கேட்டது, அப்புறம் லைன் போய்விட்டது என்றாய்.

திரும்பி வந்ததும் நீ என்னிடம் முதலில் கேட்டது பதக்கத்தைப் பற்றி இல்லை. "துண்டு போட்டியா?"

"போட்டன்."

"யாரும் எடுக்கலியே?"

"எடுக்க வுடல."

தலையை ஆட்டிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டாய். அப்போதாவது அந்த டிக்கைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். கம்பெனிக்காரர்களைத் திட்டி ஒரு புகார் எழுதி, உன்னிடம் வாசித்துக் காட்டி, நல்லவன் பெயர் வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் ஏலம் ஆரம்பிக்கும் முன்பே, பெட்டி மேல் உட்கார்ந்தபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். என் மனசுக்கு அது போதவில்லை, மச்சான்.

இப்போதெல்லாம் யாருக்கு எந்த விண்ணப்பம் போட்டாலும் கட்டத்துக்கு மேலே இருக்கிற ஒவ்வொரு வரியையும் படிக்கிறேன். சத்தமாகப் படிக்கிறேன். வரிசை நீண்டு போகிறது, எரிச்சலில் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

இன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியதும் கை தானாகத் துண்டை வீசிவிட்டது. ஏறிப் பார்த்தால் பின்வரிசை நடு இடத்தில் அது ஒழுங்காக விழுந்து கிடந்தது. நின்றுகொண்டிருந்த ஒருத்தர், "ஆளு வருதுங்களா?" என்றார். இல்லைங்க என்று துண்டை எடுத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்து இரண்டு காலையும் மடக்கிக்கொண்டார். நம் பழைய கண்டக்டர்தான் டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்னால் வந்தார். அந்த இடம் வந்ததும், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலை உயரத் தூக்கி வைத்துத் தாண்டினார். கீழே ஒன்றும் இல்லை.