டிரையர் சுவரோரத்து ஏஞ்சல்கள்

8 ஜூலை 1974, திங்கள். சின்னக்கானல்

பன்னிரண்டாம் நாளாக மழை.

நேற்று ஞாயிறு, தேயிலை ஃபாக்டரி லீவு. இலையை உலர்த்தும் டிரையரின் உலை அணைந்திருந்தது. நான் வேலை பார்க்கும், தேயிலையை ருசி பார்க்கும் அறைக்கும் டிரையருக்கும் நடுவே ஒரே சுவர்தான். வாரத்தில் ஆறு நாள் அந்தச் சுவரின் சூட்டில் என் மீன்தொட்டி எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கெட்டிலில் வெந்நீர் வைத்து, ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஊற்றி மூடி, தண்ணீரில் மிதக்கவிடுவேன். நேற்று மத்தியானம் தூங்கிவிட்டேன்.

காலையில் அறுபத்தாறு டிகிரி. ஒரு ஏஞ்சல் மீன் பக்கவாட்டில் மிதந்தது.

மதராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கியது ஆறு. மிச்சம் இரண்டு. தென்னமெரிக்க ஆற்று மீனை இந்த மலைக்குக் கொண்டுவந்து குளிரில் சாகடிக்கிறவனுக்கு எம்.ஏ. எதற்கு?

ஃபாக்டரிப் பொறுப்பிலிருக்கும் டீமேக்கர் மூக்கைச் சுளித்தார். இன்னொன்று செத்தால் தொட்டி வெளியே போய்விட வேண்டும் என்றார். ருசி பார்க்கிற அறையில் மீன் நாற்றம். அவர் சொல்வதும் நியாயம்தான்.

9 ஜூலை

இருவரும் நலம். சாதுக்கள். முக்கோணமாய், கறுப்புப் பட்டைகளோடு, ஒருவரையொருவர் இடிக்காமல் திரும்புகிறார்கள். நிற்பதே ஒரு வேலை என்பது போல நிற்கிறார்கள். இப்படி நிற்க எனக்கு வராது.

ஏஞ்சல் என்றால் தேவதூதர் என்று சொன்னதிலிருந்து அம்மா அவற்றைச் சம்மனசு என்கிறாள். அப்பா முப்பது வருடமாக டிரையர்காரர். இன்று விறகோடு போகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "திங்கவும் ஆகாது, பாடவும் பாடாது. என்னத்துக்குலே இது?" என்றார்.

பட்டம் வாங்கி வந்த பிறகு அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

11 ஜூலை

இரண்டும் தொட்டிக்குள் சாய்த்து வைத்த ஓட்டுத்துண்டைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. மாற்றி மாற்றி. ஜோடியேதான்! முட்டையிடப் போகின்றன.

மத்தியானத் தபாலில் மதுரைக் கல்லூரியின் கடிதம். ஆங்கில விரிவுரையாளர். திங்கள் காலை நேர்முகம். அதற்கு ஞாயிறு காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஞாயிறு. வேறு கிழமையே இல்லையா?

12 ஜூலை

போகாமல் இருந்துவிட்டால்? இரண்டு மீனுக்காக. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

ஞாயிறு காலையில் அம்மா பூசைக்குக் கோயிலுக்குப் போய்விடுவாள். மழையில் அவளை ஃபாக்டரி வரை நடக்கவைக்க மனமில்லை. கடைசியில் அப்பாவிடம் கேட்டேன். உலையில் விறகு தள்ளுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். "பாட்டில்ல வெந்நி. அம்புட்டுத்தான?"

14 ஜூலை, மதுரை

வெயில். சட்டை முதுகில் ஒட்டுகிறது. இந்தச் சூட்டில் ஒரு வாளியை அங்கே அனுப்ப முடிந்தால்.

15 ஜூலை, மதுரை

நேர்முகத்தில் பொழுதுபோக்கு என்ன என்றார்கள். மீன் என்றேன். பிடிப்பதா, தின்பதா என்றார் ஒருவர். சூடாக வைத்திருப்பது என்றேன். மூவரும் எழுதிக்கொண்டார்கள்.

16 ஜூலை

தொட்டித் தண்ணீர் செம்பழுப்பு. குனிந்து மோந்தேன். தேயிலை!

அப்பாவைத் தேடி ஓடினேன். என்ன பண்ணீங்கப்பா, என்ன பண்ணித் தொலைச்சீங்க — முதல் தடவையாக அவரிடம் சத்தம் போட்டேன். அவர் விறகைக் கீழே வைத்தார்.

வெந்நீர் ஊற்றியதும் பாட்டில் இரண்டும் பட்டென்று விரிசல் விட்டுவிட்டனவாம். குழாயில் வந்ததோ செம்மண் தண்ணீர். இருந்த நல்ல தண்ணீரையெல்லாம் தனக்குப் பாலில்லாத கட்டன் டீ போட்டுவிட்டிருந்தார். அதையே அடுப்பில் வைத்து, அரைமணிக்கு ஒரு டம்ளராகத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார். காலை முதல் இருட்டும்வரை.

"சீனி போடலலே," என்றார், குற்றத்தைக் குறைக்கிறவர் போல.

சூடு எவ்வளவு என்று எப்படித் தெரிந்தது? தெர்மாமீட்டர் பார்க்க அவருக்குத் தெரியாது.

"முழங்கைய விட்டுப் பாத்தேன். உன்னயக் குளிப்பாட்டயில அப்பிடித்தான். உங்கம்மா விடியுமுன்ன கொழுந்து பறிக்கப் போயிருவா. நாந்தான ஊத்துவேன்."

எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். தேநீருக்குள் இருவரும் நிற்கிறார்கள். அதே நிற்பு.

17 ஜூலை

முட்டைகள்! ஓட்டில் வரிசை வரிசையாக, கண்ணாடி மணிகள். ஒன்று விசிறுகிறது, மற்றது காவல்.

தேயிலையாலா? இல்லை, எப்படியும் இடத்தான் இருந்தனவா? தெரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. உலையடியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: நம்ம தோட்டத்து இலையாக்கும்.

டீமேக்கர் ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ருசி பார்க்கும் கோப்பைகள் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தார். "ரொம்ப லைட்டு," என்றார். தொட்டி வெளியே போகும் பேச்சை எடுக்கவில்லை.

20 ஜூலை

முட்டை பொரிந்துவிட்டது. வால்கள் துடிக்கின்றன.

25 ஜூலை

நீந்துகின்றன. பெற்றவர்களைச் சுற்றி ஒரு புகை மாதிரி. அப்பா அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்துவிடுகிறார். நான் பிழிந்தால் அதிகமாகிறதாம்.

இன்றைய தபாலில் வேலை வந்துவிட்டது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். தொட்டியைக் கொண்டுபோவதா என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா பிழிந்துகொண்டிருந்தார். கேட்கவில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு. மதுரை

மதராஸில் படித்த இரண்டு வருடமும் அப்பா ஒரு வரி எழுதியதில்லை. நேற்று கார்டு வந்தது. பெரிய பெரிய எழுத்து.

"தண்ணி சூடு சரியா இருக்கு. குஞ்சு இருபத்தி மூணு. பெருசு ரெண்டும் மறுபடி ஓட்டைக் கொத்துது. டீமேக்கர் ரெண்டு குஞ்சு கேட்டார், வளரட்டும்னுட்டேன். ஞாயிறு நான் இருக்கேன். பாட்டில் வாங்கி அனுப்பாதே."

இன்று மதுரையிலும் மழை. விடுதியில் குளிக்க வெந்நீர் கொடுத்தார்கள். வாளியில் கையை விடப் போனவன், சட்டைக் கையை மடித்து முழங்கையை விட்டுப் பார்த்தேன்.

சரியான சூடு.