துணைக்கு வந்தவள்

என்னவருக்கு,

தனியாக வரும் கர்ப்பிணியை இங்கே யாரும் நோயாளியாக மதிப்பதில்லை. கூட ஒரு பெண் நின்றால்தான் படுக்கை. உங்கள் கப்பல் கரை தொட்டு, கம்பெனி ஆபீஸ் இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது நம்பமாட்டீர்கள். நம்புங்கள்.

எனக்கு பிரஷர் ஏறிவிட்டது. காலில் செருப்பு நுழையவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் என் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். "தலைவலி வந்தா, கண்ணு மங்கினா வாய மூடிட்டு இருக்காத, கத்து" என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினார்.

டவுன் ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்தவர் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். கூட யாரும்மா என்றார். நீங்கள் கடலில், என் அம்மா உயிரோடு இல்லை, உங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொன்னேன். "கதை வேணாம், ஆளக் கூட்டிட்டு வா" என்றார். ஆள் என்ன, கடையில் விற்கிறதா?

வராந்தாவில் என்னைப் போலவே வயிறும் தானுமாக, துணையில்லாமல் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். தையல் வேலை செய்கிறவள். வீட்டுக்காரர் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. யோசனை அவளுடையது. "உனக்கு நான் துணை, எனக்கு நீ துணை. வயிறு தெரியாம முந்தானைய முன்னால இழுத்து விட்டுக்கடி" என்றாள். ஜன்னலில் ஆள் மாறியதும் போனோம். அவளுக்காக நான் கையெழுத்துப் போட்டேன், எனக்காக அவள். புதிதாக வந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்துப் பக்கத்துப் படுக்கை கிடைத்தது. உங்களைப் பிரிந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். உன் பிள்ளைக்குச் சட்டை இலவசம், பட்டன் காஜா மட்டும் நீ எடுத்துக்கொள் என்றாள்.

மறுநாள் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் டிரைவர் வாசலில் நின்று, "துணைக்கு வந்தது யாரு? ஏறு, ஏறு" என்று கத்தினார். நானும் நோயாளிதான் என்றேன். வார்டு நர்ஸ் என் கையெழுத்தைக் காட்டி, "இது நீ போட்டதுதானே?" என்றாள். ஆள் ஏறாமல் வண்டி எடுக்கமாட்டார்களாம். தையல்காரி என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏறிவிட்டேன். நீங்களாக இருந்தாலும் ஏறியிருப்பீர்கள்.

இங்கே, பெரிய ஆஸ்பத்திரியில், அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்; கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வெளியே தரையில். என்னையும் பார்க்கச் சொன்னால், உன்னை அனுப்பிய தாள் எங்கே என்கிறார்கள். அது டவுன் ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறது. பக்கத்திலிருந்தவரின் போனை வாங்கி அங்கே கேட்டேன். "சொல்லாம ஓடிப்போனவ நீதானா? பெட்ட வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்றார்கள்.

கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு பெயரைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் எழுந்து ஓடுகிறார்கள். தையல்காரி பெயரை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் எழ வேண்டும். என் பெயருக்கு எழ யாருமில்லை.

எழுத்து கோணலாகப் போகிறது, மன்னியுங்கள். காலையிலிருந்து தலை வலிக்கிறது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னபடி கத்தினேன். "சத்தம் போடாதம்மா, உள்ள பேஷண்ட் இருக்காங்க" என்றார் காவலாளி.

உங்கள் தங்கையிடமும் பேசினேன். அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார், எப்படி அனுப்புவது என்று போனை வைத்துவிட்டாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொல்லுங்கள். அம்மா கண்கட்டோடே வரட்டும். அவர் எதையும் பார்க்க வேண்டாம். என் பக்கத்தில் வந்து நின்று, இவள் துணைக்கு வந்தவள் இல்லை, இவளுக்குத்தான் நான் துணை என்று சொன்னால் போதும். இன்றைக்கே அனுப்புங்கள்.

உங்கள் மனைவி