துண்டுக்கு அடியில்

திண்டுக்கல்
6.10.2024

தனுஷ் அப்புவுக்கு,

அம்மாவும் ஆடுகளும் சுகம். போனில் பேசினால் "சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். என் வலக்கை விரல்கள் மரத்துவிட்டன. ஆட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் கைபிடித்து விலை பேசும்போது, எதிராளி எத்தனை விரலைப் பிடிக்கிறான் என்று தெரியவில்லை. போன வியாழன் ஏமாந்தேன். "என்னண்ணே, கெடாயத் தானமா குடுத்துட்டு வாரீக?" என்று கூட வியாபாரம் பண்ணும் முனியப்பன் சிரிக்கிறான். தை பிறந்ததும் வந்து தொழிலைப் பிடி.

உன் அப்பா,
வீரப்பன்

ஓஹியோ
27.10.2024

அன்புள்ள அப்பா,

டாக்டரிடம் கையைக் காட்டுங்கள். இங்கே எனக்குப் பேச ஆளில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லையில் ஞாயிறுதோறும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறார்கள், என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பெயர்தான் கால்பந்து. உரித்த தேங்காய் மாதிரி ஒன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு முன் தலையோடு தலை சேர்த்து ரகசியம் பேசுவார்கள், நம் துண்டு வியாபாரம்போல. எனக்கு ஒன்றும் விளங்காது. யாரும் எனக்குப் பந்து எறிவதில்லை. என் பெயர்கூடத் தெரியாது. தைக்கு வருவதைப் பிறகு பேசலாம்.

தனுஷ்

திண்டுக்கல்
10.11.2024

ஏலே அப்பு,

தேங்காய்க்கு மல்லுக்கட்டவா அம்புட்டுத் தூரம் போனாய்? ஆடுவதென்றால் வியாபாரி மகனாக ஆடு. கூட்டம் பார்க்காத ஓரத்தில் நில். கைக்கு வந்ததை ஆட்டுக்கயிறு மாதிரிப் பிடி. உயிரே போனாலும் விடாதே. டிக்கெட் போட்டாயா?

உன் அப்பா,
வீரப்பன்

ஓஹியோ
2.12.2024

அன்புள்ள அப்பா,

ஓரத்தில் நின்றேன், பந்து வந்தது. பிடித்துவிட்டேன். தள்ளிவிட்டு மேலே விழுந்தார்கள், பிடுங்கினார்கள், விடவில்லை. கீழே விழுந்ததுமே அந்தச் சுற்று முடிந்தது, பந்தை விட்டுவிடலாம் என்பது எனக்குத் தெரியாது. வலக்கையில் இரண்டு விரல் முறிந்துபோயிற்று. இனிச் சரியாக மடங்காதாம். ஆனால் எல்லோரும் "தனுஷ், தனுஷ்" என்று கத்தினார்களப்பா! வேடிக்கை பார்க்கவாவது வா என்று அடுத்த ஞாயிறும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் கையை நீட்டினால் சந்தையில் யார் பிடிப்பார்கள்? டிக்கெட் போடவில்லை.

தனுஷ்

திண்டுக்கல்
19.12.2024

தனுஷுக்கு,

சந்தைப் புத்தியை அங்கே அனுப்பியது என் தப்பு. அம்மாவிடம் சுளுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். இன்றைக்குச் சந்தையில் எல்லா ஆட்டையும் முனியப்பனிடம் விட்டுவிட்டேன். துண்டு போடவில்லை. ஊர் கேட்க வாய்விட்டு ஒரு விலை சொன்னான். சரி என்று கயிற்றைக் கொடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால் போ. இங்கே உன்னைக் கூப்பிட இனி எனக்கு ஒரு காரணமும் இல்லை.

வீரப்பன்